ரப்பர் விளைக்குக் கார்பன் கிரெடிட் ஒப்பந்தம்: கையெழுத்திடலாமா?

குலசேகரம் தோட்டக்காரர் எழுதியது

அனைவருக்கும் வணக்கம். குலசேகரத்தை அடுத்து எங்கள் குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் ரப்பர் விளை இருக்கிறது. ஒரு பாதியில் மரங்கள் பால் வெட்டும் பருவத்தில் நிற்கின்றன; மறுபாதியில் மரங்கள் முதிர்ந்து, அடித்துவிட்டு மறுநடவு செய்ய வேண்டிய காலம் நெருங்கிவிட்டது.

அண்மையில் ஒரு நிறுவனத்தின் சார்பில் இருவர் ஊருக்கு வந்து, சிறு தோட்டக்காரர்களை ஒன்றுசேர்த்துக் கூட்டம் நடத்தினர். எங்கள் மரங்கள் காற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும் கரியைச் செயற்கைக்கோள் படத்தைக் கொண்டு கணக்கிட்டு, அதைக் கார்பன் கிரெடிட்டாக மாற்றி வெளிநாட்டு நிறுவனங்களுக்கு விற்பார்களாம். வரும் தொகையில் பாதி எங்களுக்கு. எங்களுக்கு ஒரு ரூபாய் செலவில்லை, முப்பது ஆண்டுக்குக் கையெழுத்து மட்டும் போதும் என்கிறார்கள். ஒப்பந்தத்தின் வரைவு முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் சிலர் அன்றைக்கே ஆதார் நகலைக் கொடுத்துவிட்டனர். நான் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன் என்று வரைவை மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன்.

என் ஐயங்கள் சில. ஏற்கனவே நிற்கும் ரப்பர் மரத்துக்கு இந்தக் கிரெடிட் கிடைக்குமா? ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது மரத்தை அடித்து விற்கும் உரிமை எனக்கு இருக்குமா? இவை இரண்டும் என் விளையைப் பற்றியவை. மூன்றாவதுதான் என்னை உறங்கவிடாமல் செய்கிறது. கல்லூரியில் படிக்கும் என் மகள், "அப்பா, அவர்கள் அங்கே புகை விடுவதற்கு நீங்கள் இங்கே அனுமதிச் சீட்டு விற்கிறீர்கள்" என்கிறாள். பக்கத்து விளைக்காரரோ, இப்படிப் பணம் வந்தால்தான் ஏழை நாடுகளில் மரமும் நிற்கும், காற்றாலையும் எழும் என்கிறார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. வருமானம் எவ்வளவு என்பதைவிட, நான் போடும் கையெழுத்து இந்தப் பூமிக்கு நல்லதா கெட்டதா என்பதை அறிந்துகொள்ள விரும்புகிறேன். விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஆரல்வாய்மொழிக் காற்று எழுதியது

அண்ணாச்சி, உங்கள் மூன்றாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்கான விடையில் பெரும்பகுதி நம் மாவட்டத்திலேயே, முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவில் கிடைக்கும். நான் இந்தப் பகுதியில் காற்றாலைகளின் உற்பத்திக் கணக்குகளைப் பார்க்கும் வேலையில் நீண்ட காலம் இருந்தவன்.

ஒரு கார்பன் கிரெடிட் என்பது, ஒரு டன் கார்பன் டை ஆக்சைடோ அதற்கு நிகராக வெப்பமூட்டும் வேறு வாயுவோ காற்றில் கலக்காமல் தடுக்கப்பட்டது, அல்லது காற்றிலிருந்து திரும்ப எடுக்கப்பட்டது என்பதற்கான சான்று. 1997இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் ஏற்கப்பட்டு, 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த உடன்பாட்டின்படி, வளர்ந்த நாடுகள் தங்கள் வாயு வெளியேற்றத்தைக் குறிப்பிட்ட அளவு குறைக்க வேண்டியிருந்தது. அந்தக் குறைப்பின் ஒரு பகுதியை இந்தியா போன்ற நாடுகளில் நடக்கும் திட்டங்களிலிருந்து விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்ற வழியும் அதில் இருந்தது. சிடிஎம் என்று எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் சொன்னது அதைத்தான். திட்டங்களின் எண்ணிக்கையில் சீனாவுக்கு அடுத்தபடியாக நின்றது நம் நாடு. தமிழ்நாட்டில் நூற்பாலைகள் சங்கமே முன்னின்று, பல ஆலைகளுக்குச் சொந்தமான காற்றாலைகளை ஒரே கட்டாகச் சேர்த்துப் பதிவு செய்தது. அனல்மின் நிலையங்களை நம்பியிருந்த அன்றைய மின்தொகுப்பில், காற்றாலை கொடுத்த ஒவ்வொரு ஆயிரம் யூனிட்டுக்கும் ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவாகக் கிரெடிட் கணக்கிடப்பட்டது.

இங்கேதான் இந்தச் சந்தையின் உயிர்நாடியான கேள்வி வருகிறது. கிரெடிட் பணம் இல்லாவிட்டால் அந்தக் காற்றாலை வந்தே இருக்காது என்று காட்ட வேண்டும். இதைக் கூடுதல்தன்மை என்கிறார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று எப்படி வீசும் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காற்றை நம்பி, கியோட்டோ உடன்பாடு நடைமுறைக்கு வரும் முன்பே, 1990களில் இங்கே வரிசை வரிசையாகக் காற்றாலைகள் எழுந்துவிட்டன. முதலீட்டுத் தொகை முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்து வருமான வரியைக் குறைத்துக்கொள்ள அன்றைய சட்டம் இடம்கொடுத்தது. பின்னாளில் அது 80 சதவீதமாகவும், 2017இல் 40 சதவீதமாகவும் குறைந்தது. ஆலைகளுக்கோ தம் சொந்த மின்சாரம் என்ற பெரிய ஆதாயமும் இருந்தது. காற்று, வரிச்சலுகை, சொந்த மின்சாரம் ஆகிய மூன்றும் கைவசம் இருந்த ஒருவர், கிரெடிட் பணம் இல்லாமல் கட்டியிருக்கவே மாட்டேன் என்று எழுதிக்கொடுத்தால், அதை அப்படியே ஏற்க என் மனம் ஒப்பவில்லை. தொடக்கத்தில் வங்கிகள் தயங்கிய சில இடங்களில் அந்தப் பணம் உண்மையாகவே தைரியம் கொடுத்தது என்பதை மறுக்க மாட்டேன். 2008இல் 20 யூரோ அளவில் இருந்த கிரெடிட்டின் விலை, 2012 முடிவதற்குள் ஒரு யூரோவுக்கும் கீழே விழுந்தது. அதன் பின்னரும் தமிழ்நாட்டில் புதிய காற்றாலைகள் நடப்பட்டன. பழையவை தொடர்ந்து ஓடியது எதற்கும் சான்றாகாது. விலையே இல்லாத காலத்தில் புதியவை வந்ததுதான் சான்று.

இது என் கருத்து மட்டுமல்ல. ஜெர்மனியின் ஏகோ நிறுவனம் ஐரோப்பிய ஆணையத்துக்காக 2016இல் செய்த ஆய்வு, சிடிஎம் திட்டங்களில் 85 சதவீதம் கூடுதல்தன்மை உடையவையாக இருக்க வாய்ப்புக் குறைவு என்று கண்டது. சட்டக் கட்டாயம் இல்லாமல் நிறுவனங்கள் தாமாகவே கிரெடிட் வாங்கும் தன்னார்வச் சந்தைக்குத் தர அளவுகோல் வகுக்கும் சர்வதேச மன்றம், 2024 ஆகஸ்டில், புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கான பழைய கணக்கீட்டு முறைகள் எட்டுக்கும் தன் தரமுத்திரையை மறுத்துவிட்டது. சந்தையில் பயன்படுத்தப்படாமல் கிடந்த கிரெடிட்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த முறைகளின்படி வந்தவை.

இதைவிடக் கொடிய கதை ஒன்றும் உண்டு. குளிர்சாதனங்களுக்கான வாயு தயாரிக்கும் ஆலைகளில் எச்எஃப்சி-23 என்ற துணைவாயு வெளிவரும். அன்றைய கணக்கின்படி அதன் ஒரு டன், 11,700 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். அதை எரித்து அழிக்க ஆகும் செலவு சொற்பம். கிடைத்த கிரெடிட்டோ மலைபோல் குவிந்தது. சீனாவிலும் இந்தியாவிலும் சில ஆலைகளுக்கு, விற்கும் பொருளைவிட அழிக்கும் கழிவே பெரிய வருமானமாகிவிடும் நிலை உருவானது. வருமானத்துக்காகவே உற்பத்தியைக் கூட்டுகிறார்களோ என்ற ஐயம் வலுத்த பின், 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தக் கிரெடிட்டுகளை ஏற்பதை நிறுத்தியது. பிறகு, ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரீல் உடன்பாட்டுக்கு 2016இல் கிகாலியில் செய்யப்பட்ட திருத்தம், அந்த வாயுவை அழிப்பதை அதை ஏற்ற நாடுகளின் கடமையாகவே ஆக்கியது. சந்தை பெரும்பணம் கொடுத்து வாங்கிய வேலையை, ஒரு நேரடியான விதி மிகக் குறைந்த செலவில் செய்துவிட முடிந்தது என்பதை நான் இன்றும் முக்கியமான பாடமாகக் கருதுகிறேன்.

அதற்காகச் சந்தை என்ற அமைப்பையே தூக்கி எறிந்துவிட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் தொடங்கிய வெளியேற்ற உரிமைச் சந்தை வேறு வகையைச் சேர்ந்தது. அங்கே மின்நிலையங்களும் ஆலைகளும் சேர்ந்து வெளியேற்றக்கூடிய மொத்த அளவுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அது ஆண்டுதோறும் இறக்கப்படுகிறது. உரிமத்தின் விலை 2023 பிப்ரவரியில் டன்னுக்கு 100 யூரோவைத் தொட்டது. நிலக்கரியை எரிப்பவருக்கு அந்த விலை உறைக்கும். உச்சவரம்பு இருக்கும் இடத்தில் வாங்குவதும் விற்பதும் அந்த வரம்புக்கு உள்ளேயே நடப்பதால் மொத்தம் குறைகிறது. நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புத் திருத்தச் சட்டத்தை அடியொற்றி, 2023இல் கார்பன் கிரெடிட் வணிகத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆனால் அதில் சிமெண்ட், அலுமினியம் போன்ற துறைகளுக்கு, உற்பத்தியாகும் ஒவ்வொரு டன் பொருளுக்கும் எவ்வளவு வெளியேற்றலாம் என்பதுதான் இலக்கு; மொத்தத்துக்கு உச்சவரம்பு இல்லை. உற்பத்தி பெருகினால் வெளியேற்றமும் பெருகலாம். தொடக்கம் என்ற அளவில் அதை வரவேற்கிறேன்.

உங்களிடம் வந்திருப்பது இந்த இரண்டுமல்ல, ஈட்டுக் கிரெடிட். உங்கள் விளையில் உண்மையாகவே ஒரு டன் கூடுதலாகச் சேர்ந்தால், அதை வாங்கியவர் அங்கே ஒரு டன் வெளியேற்றுவார். கணக்கு நேராகும், உலகின் மொத்தச் சுமை ஒரு கிலோகூடக் குறையாது. உங்கள் டன் பொய்யானதாக இருந்தால், சுமை ஒரு டன் கூடிவிடும். எனவே உங்கள் மகள் சொல்வது மிகையல்ல. மிகச்சிறந்த ஈட்டுக் கிரெடிட்கூட நிலைமையை மோசமாக்காமல் இருக்கும், அவ்வளவுதான். வாங்குபவர் தன் புகையை முடிந்தவரை குறைத்துவிட்டு, எஞ்சியதற்கு மட்டும் வாங்கினால் அதற்கு ஒரு நியாயம் உண்டு. யார் வாங்குகிறார்கள் என்பதை அவர்கள் உங்களிடம் சொன்னார்களா?

தடிக்காரன்கோணம் வேளாண் எழுதியது

மேலே எழுதியவர் பெரிய படத்தைத் தெளிவாகக் காட்டிவிட்டார். வேளாண் விரிவாக்கப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், நான் உங்கள் விளையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நிற்கும் ரப்பருக்குக் கிரெடிட் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த மரங்களைப் பாலுக்காக நட்டீர்கள். யாரும் பணம் தராவிட்டாலும் அவை அங்கேதான் நிற்கும். முதிர்ந்த ரப்பரை அடித்துவிட்டு மறுபடியும் ரப்பரே நடுவதற்கும் இதே நிலைதான், ஏனென்றால் இந்த மாவட்டத்தில் எந்தத் தோட்டக்காரரும் அதைத்தான் செய்வார். காட்டை அழித்துத் தோட்டமாக்கியவர்கள் பயனடையக் கூடாது என்பதற்காக, கடந்த பத்து ஆண்டுக்குள் இயற்கைக் காடு அகற்றப்பட்ட நிலத்தை, கிரெடிட்டுகளுக்குச் சான்றளித்துப் பதிவு செய்யும் வெர்ரா போன்ற பதிவேடுகள் ஏற்பதில்லை. அந்தச் சிக்கல் உங்கள் விளைக்கு இராது. கிரெடிட்டுக்குத் தகுதியாகக்கூடியது, ரப்பரோடு சேர்த்து நீங்கள் புதிதாக நடும் மரங்கள் மட்டுமே: எல்லை ஓரத்தில் அயினி, பலா, தேக்கு, உயரமான பகுதியாக இருந்தால் கிராம்பு, மரங்களின்மேல் படரவிடும் நல்லமிளகு போன்றவை. நல்லமிளகுக் கொடியில் சேரும் கரி கணக்கில் பெரிதாக வராது, விலையில் வரும்.

எவ்வளவு கிடைக்கும் என்பதை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். மரத்தின் உலர்ந்த எடையில் ஏறத்தாழ பாதி கரி. ஒரு கிலோ கரி காற்றில் இருக்கும்போது 3.67 கிலோ கார்பன் டை ஆக்சைடாக இருக்கிறது. ஆகவே உலர்எடை 500 கிலோவாக வளர்ந்த ஓர் அயினி மரம், 250 கிலோ கரியை, அதாவது 917 கிலோ கார்பன் டை ஆக்சைடைத் தனக்குள் வைத்திருக்கும். ஒரு முழு மரம் ஒரு கிரெடிட்டைக்கூட எட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். எடுத்துக்காட்டாக, இரண்டு ஏக்கரின் ஓரங்களில் 40 மரங்கள் நட்டு, இருபது ஆண்டில் எல்லாம் அந்த அளவுக்கு வளர்ந்துவிட்டன என்று கொள்வோம். மொத்தம் 36 டன்னுக்குச் சற்று மேல். அதில் ஐந்தில் ஒரு பங்கை இழப்புக்கான காப்பு வைப்பாகப் பிடித்துக்கொண்டால் 29 டன். டன்னுக்கு 800 ரூபாய் என்று வைத்தால் 23,000 ரூபாய்க்குச் சற்றுக் கூடுதல். அதில் உங்கள் பாதி 11,700 ரூபாய். இருபது ஆண்டுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்கு 600 ரூபாய்கூட வரவில்லை. அளவீடு, தணிக்கை, பதிவுக் கட்டணம் ஆகியவற்றைக் கழித்த பிறகு பாதியா, கழிப்பதற்கு முன் பாதியா என்பது இன்னொரு கேள்வி; அதற்கான விடை வரைவில் எங்கோ சிறிய எழுத்தில் இருக்கும். ஆனால் அதே 40 அயினி மரங்களின் தடிக்கு இருபது ஆண்டுக்குப் பின் என்ன விலை கிடைக்கும் என்று ஒரு மரக்கடையில் கேட்டுப் பாருங்கள். மரம் நடுவதற்கான காரணம் அங்கே இருக்கிறது.

அடுத்ததாக, நிலைத்திருத்தல். அனல்மின் நிலையத்திலிருந்து வெளியேறும் கரி நூற்றாண்டுகளாகக் காற்றில் தங்குகிறது. மரத்தில் சேரும் கரி, மரம் நிற்கும் வரைதான். ரப்பர் மரத்தை அடித்த பின் அது பெட்டிப் பலகையாகவும் செங்கல் சூளைக்கு விறகாகவும் போகிறது. சேர்த்த கரியில் பெரும்பகுதி சில ஆண்டுகளில் காற்றுக்கே திரும்பிவிடுகிறது. அடிக்காமல் விட்டாலும் நம் மாவட்டத்தில் உறுதியில்லை. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் வந்தபோது குலசேகரம், திருவட்டாறு, பேச்சிப்பாறைப் பக்கங்களில் ரப்பர் மரங்கள் வேரோடும் நடுவில் முறிந்தும் சாய்ந்து கிடந்ததை எல்லோரும் பார்த்தோம். மறுநாள் காலையில் விளைக்குள் போக வழியே இல்லை; பால் சிரட்டைகள் கிளைகளுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தன. அந்த மரங்களின் கரியைக் கிரெடிட்டாக ஏற்கனவே யாராவது வாங்கி, அதைக் காட்டி வேறோர் இடத்தில் புகை விட்டிருந்தால், அந்தப் புகைக்கு இன்று ஈடு எங்கே? இதற்காகத்தான் காப்பு வைப்பு என்று ஒரு பங்கை ஒதுக்குகிறார்கள். ஆனால் கலிஃபோர்னியாவின் காட்டுத் திட்டங்களில் நூறு ஆண்டுக்குப் போதுமென்று காட்டுத்தீக்காக ஒதுக்கிய பங்கில் பெரும்பகுதி, பத்து ஆண்டுக்குள்ளேயே தீர்ந்துவிட்டது என்று 2022இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பருவநிலை மாறும்போது தீயும் புயலும் பழைய கணக்கை மீறுகின்றன.

ஆகவே வரைவில் முதலில் தேட வேண்டியது இந்தப் பிரிவை: புயலில் மரம் விழுந்தால் யாருடைய பொறுப்பு? ஏற்கனவே கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமையை நிறுவனம் வைத்துக்கொண்டிருக்கிறதா? மரத்தை அடிக்க அவர்களுடைய எழுத்துமூல அனுமதி வேண்டுமா? உங்கள் முதிர்ந்த ரப்பர் அடிக்கும் நிலையில் இருப்பதால், இது நாளைக்கே எழப்போகும் கேள்வி. ஒப்பந்த உரிமையை உங்களைக் கேட்காமலே வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொடுக்கலாமா என்பதையும் பார்க்க வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் நீக்கிவிடுகிறேன். 2023 அக்டோபரில் ஒன்றிய அரசு அறிவித்த பசுமைக் கிரெடிட் திட்டம் என்பது வேறு. கார்பன் கிரெடிட் என்பது வேறு. இரண்டையும் கலந்து பேசி, இது அரசுத் திட்டம் என்று எவராவது சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள்.

குலசேகரம் தோட்டக்காரர் எழுதியது

இருவருக்கும் மிக்க நன்றி. ஐயா போட்டுக் காட்டிய கணக்கை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். கூட்டத்தில் அவர்கள் ஏக்கருக்கு ஆண்டுக்குப் பல ஆயிரம் என்று சொன்னது எந்த அடிப்படையில் என்று இப்போது விளங்கவில்லை. நிற்கும் ரப்பர் மரங்களை எல்லாம் சேர்த்தே கணக்கிட்டிருக்க வேண்டும்.

வாங்குபவர் யார் என்று தொலைபேசியில் கேட்டேன். வெளிநாட்டு விமான நிறுவனங்களும் கணினி நிறுவனங்களும் இருக்கலாம், இப்போதே சொல்ல இயலாது என்றார்கள். வெளிநாட்டுக்கு விற்றால் அந்தக் குறைப்பு நம் நாட்டுக் கணக்கிலிருந்து போய்விடுமா? என் மகள் இதையும் கேட்கிறாள்.

மணக்குடிக் கரை எழுதியது

உங்கள் மகள் கேட்பது மிகச் சரியான கேள்வி. அவருக்கு என் வாழ்த்துகள். பருவநிலை மாற்றம் குறித்த பாரிஸ் உடன்பாட்டின் ஆறாவது பிரிவு இதைப் பற்றியதுதான். ஒரு நாடு தன் குறைப்பை இன்னொரு நாட்டுக்கு விற்றால், விற்ற டன்னைத் தன் கணக்கில் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும்; ஒரே டன்னை இருவரும் தங்கள் சாதனையாகக் காட்டக் கூடாது. 2021இல் கிளாஸ்கோவில் நடந்த பருவநிலை மாநாட்டில் இதற்கான அடிப்படை விதிகள் வகுக்கப்பட்டன. எஞ்சியவை 2024 நவம்பரில் பாகுவில் முடிவாயின. இந்த வழியில் முதலில் கைமாறியது பாங்காக் நகரின் மின்சாரப் பேருந்துகளால் மிச்சமான வெளியேற்றம்; தாய்லாந்து விற்க, சுவிட்சர்லாந்து தன் இலக்குக்காக வாங்கியது. இவ்வளவு செல்வமுள்ள நாடு தன் சாலைகளிலேயே அந்தக் குறைப்பைச் செய்திருக்கலாமே என்று நான் நினைக்கிறேன்.

இந்தியா 2023இல் வெளியிட்ட பட்டியலில், இப்படி வெளிநாட்டுக்கு விற்கத் தகுதியுள்ளவையாக 13 வகைத் திட்டங்கள் இருந்தன. பசுமை ஹைட்ரஜன், சேமிப்போடு கூடிய புதுப்பிக்கத்தக்க மின்சாரம், கடல்சார் காற்றாலை போன்றவை அதில் உண்டு. தரையில் நிற்கும் சாதாரணக் காற்றாலையும் மரம் நடுதலும் இல்லை. எளிதாகச் செய்யக்கூடியதை நாமே வைத்துக்கொண்டு, செலவு மிகுந்ததற்கு மட்டும் வெளிநாட்டுப் பணத்தைத் தேடுவது என்ற அந்த நிலைப்பாடு எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் உங்களிடம் வந்திருப்பவர்கள் தன்னார்வச் சந்தைக்காக வந்தவர்கள். அங்கே தனியார் நிறுவனங்கள் வாங்குகின்றன. நாட்டின் கணக்கில் திருத்தம் செய்யப்படாமலே பெரும்பாலான விற்பனை நடக்கிறது. ஆகவே உங்கள் அயினி மரம் இந்தியாவின் கணக்கிலும் இருக்கும், அந்தக் கணினி நிறுவனத்தின் விளம்பரத்திலும் இருக்கும்.

நான் கடற்கரையைச் சேர்ந்தவன் என்பதால் வேறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பருவநிலை மாற்றத்துக்கு மிகக் குறைவாகக் காரணமாகி, மிக அதிகமாக அடிபடுபவர்களில் எங்கள் மக்கள் இருக்கிறார்கள். ஒக்கியின்போது ஆழ்கடலுக்குப் போனவர்களில் திரும்பி வராதவர்களின் வீடுகள் தூத்தூர் தொடங்கி வரிசையாக இருக்கின்றன. சூடான கடலில் புயல் விரைந்து வலுக்கிறது. அன்றும் இலங்கையை ஒட்டி உருவான தாழ்வு மண்டலம், ஒரே நாளில் கன்னியாகுமரிக்கு அருகிலேயே புயலாக வலுத்தது. இந்தச் சந்தையிலிருந்து எங்களுக்கு என்ன வந்தது என்று தேடிப் பார்த்தபோது ஒரு நல்ல செய்தி கிடைத்தது. சிடிஎம் கிரெடிட்டுகளில் 2 சதவீதம், பாதிப்புகளுக்கு ஏற்பத் தகவமைத்துக்கொள்ள உதவும் தகவமைப்பு நிதிக்கு ஒதுக்கப்பட்டது. அந்த நிதியில் ஒரு பகுதி, நபார்டு வங்கியின் வழியாகத் தமிழ்நாட்டிலும் ராஜஸ்தானிலும் நீர்ப்பிடிப்புப் பகுதி மேம்பாட்டுக்கு வந்திருக்கிறது. பாரிஸ் உடன்பாட்டின் புதிய பன்னாட்டுச் செயல்முறையில் இந்தப் பங்கு 5 சதவீதமாக உயர்த்தப்பட்டுள்ளது. அதோடு 2 சதவீதக் கிரெடிட்டுகள் எவருக்கும் விற்கப்படாமல் இரத்து செய்யப்பட வேண்டும். அந்த இரண்டு சதவீதம்தான், மேலே ஆரல்வாய்மொழி நண்பர் சொன்ன நேர்க்கணக்கைத் தாண்டி உண்மையாகவே மொத்தத்தைக் குறைக்கும் பகுதி. தன்னார்வச் சந்தையில் இப்படி எந்தக் கட்டாயமும் கிடையாது.

மணக்குடிக் காயலின் அலையாத்திச் செடிகளைக் காட்டி, அவற்றுக்கும் கிரெடிட் வாங்கலாம் என்று பேசுகிறவர்கள் உண்டு. அலையாத்தியின் சிறப்பு அதன் அடியில் இருக்கும் சேற்றில்தான். காற்றுப் புகாத அந்தக் கருஞ்சேற்றில் உதிர்ந்த இலையும் வேரும் மக்காமல் நூற்றாண்டுகள் கிடக்கும். ஆகவே மரக்கரியைவிட அது உறுதியானது என்பது உண்மை. ஆனால் பழையாறு கடலில் சேரும் அந்த முகத்துவாரம் சிறியது. தணிக்கைச் செலவுக்கே அந்த வருமானம் காணாது. சுனாமிக்குப் பிறகு இங்கே அலையாத்தி நட்டது கிரெடிட்டுக்காக அல்ல, கரையைக் காப்பதற்காகவும் மீனும் இறாலும் குஞ்சு பொரிப்பதற்காகவும். அந்தக் காரணம் போதாதா? நல்ல வேலை ஒவ்வொன்றுக்கும் டன்னில் விலை எழுதினால்தான் செய்வோம் என்ற பழக்கம் ஊருக்குள் வந்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

ஆரல்வாய்மொழிக் காற்று எழுதியது

மணக்குடி நண்பரின் கவலை எனக்கும் உண்டு; ஆனால் ஒன்றில் சற்று வேறுபடுகிறேன். செலவு மிகுந்த, யாரும் தானாகச் செய்ய முன்வராத வேலைகளுக்கு வெளிநாட்டுப் பணம் தேவைப்படுகிறது. மன்னார் வளைகுடாவை ஒட்டித் திட்டமிடப்படும் கடல்சார் காற்றாலைகள் அப்படிப்பட்டவை. மீனவர்களின் ஒப்புதல் முதலில் வர வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன். அது கிடைத்த பின், அந்த மின்சாரத்தின் விலை வேறுபாட்டைக் கிரெடிட் பணம் நிரப்புமானால், அங்கே கூடுதல்தன்மையை என்னால் கண்ணால் காண முடியும். பழைய முப்பந்தலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

விமான நிறுவனங்களைப் பற்றி ஒரு சொல். பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் திட்டப்படி, 2019ஆம் ஆண்டு அளவில் 85 சதவீதத்துக்கு மேல் போகும் வெளியேற்றத்துக்கு விமான நிறுவனங்கள் ஈடு வாங்க வேண்டும். இந்தியாவுக்கு அது 2027 முதல் கட்டாயமாகிறது. அந்தத் திட்டத்தில் ஏற்கப்படும் கிரெடிட்டுகளுக்கு விற்கும் நாட்டின் கணக்குத் திருத்தக் கடிதம் வேண்டும். அப்படியொரு கடிதத்தைப் பெறப்போவதாக அவர்கள் எழுத்தில் தருகிறார்களா என்று கேளுங்கள். தர இயலாவிட்டால், விமான நிறுவனம் என்று சொன்னது வெறும் பேச்சு.

தடிக்காரன்கோணம் வேளாண் எழுதியது

கேள்வி கேட்டவருக்குக் கடைசியாகச் சில நடைமுறைக் குறிப்புகள். விளை குடும்பச் சொத்து என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டா கூட்டாக இருந்தால், பெயர் உள்ள அனைவரின் ஒப்புதலும் இல்லாமல் ஒருவர் மட்டும் கையெழுத்திடுவது பின்னால் வழக்கில் முடியும். முப்பது ஆண்டுக்கு நிலத்தின் மீதோ மரத்தின் மீதோ உரிமை எழுதிக்கொடுக்கும் சொற்கள் வரைவில் இருந்தால், அது பதிவு செய்ய வேண்டிய பத்திரமா, வில்லங்கச் சான்றில் ஏறுமா என்பதைத் தக்கலையிலோ நாகர்கோவிலிலோ ஒரு வழக்கறிஞரிடம் காட்டித் தெரிந்துகொள்ளுங்கள். வில்லங்கத்தில் ஏறிய நிலத்துக்குக் கூட்டுறவு வங்கியில் கடன் கேட்கும்போதும், மகளுக்குப் பாகம் எழுதும்போதும் அந்தக் கேள்வி எழும்.

முழு வரைவையும் தமிழில் கேளுங்கள். இரண்டு மொழி வடிவங்களுக்கும் வேறுபாடு வந்தால் எது செல்லும் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். திட்டம் எந்தப் பதிவேட்டில், எந்த எண்ணில் இருக்கிறது என்று கேளுங்கள். பதிவேடுகள் பொதுவில் பார்க்கக் கூடியவை. உங்கள் மகளே இணையத்தில் தேடி, திட்ட ஆவணத்தில் குலசேகரத்து நிலம் எவ்விதமாகக் காட்டப்பட்டிருக்கிறது என்று படித்துவிடலாம். எண் இல்லையென்றால் திட்டம் இன்னும் பதிவாகவில்லை என்று பொருள். பதிவாகாத திட்டத்துக்கு ஆதார் நகல் கொடுக்கத் தேவையில்லை. ஏற்கனவே கொடுத்த அக்கம்பக்கத்தாரிடமும் இதைச் சொல்லுங்கள். கையெழுத்து வாங்கியிருக்கிறார்களா, வெறும் விருப்பப் படிவமா என்று அவர்களின் தாளை வாங்கிப் படித்துவிடுவது நல்லது.

இதற்கிடையில் மறுநடவு காத்திருக்க வேண்டாம். பருவமழைக்கு முன் குழி எடுத்து, முதல் மூன்று ஆண்டு இடையில் வாழையும் மரச்சீனியும் போட்டுக்கொண்டு, கிழக்கு எல்லையில் அயினிக் கன்றுகளை வையுங்கள்.